வேனின் எடையும், அதன் பின்னால் வரும் எடையும்

சென்னையில் பல குடும்பங்கள், ஆண்டுக்கு இரண்டு முறை வரும் ஊர்ப் பயணத்தை மனத்தில் வைத்தே ஏழு பேர் அமரும் வண்டியை வாங்குகின்றன. மீதி நாட்களில் அது பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் பாதி காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதிக்கு இம்முறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, கேட்டவர் அறிந்தோ அறியாமலோ, எடையைப் பற்றியவையாகவே இருந்தன. எஞ்சினின் குதிரைத்திறனைச் சட்டென்று சொல்பவர்கள்கூட, வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆகவே முதல் கேள்விக்குச் சற்று நீண்ட பதிலைத் தந்திருக்கிறேன்.

நீலாங்கரையில் வசிக்கிறோம். எட்டு ஆண்டு ஓடிய டீசல் வேன் உள்ளது. ஒரு சிறிய ஃபைபர் படகை டிரெய்லருடன் வாங்க எண்ணுகிறோம். இரண்டும் சேர்ந்து சுமார் 400 கிலோ. முட்டுக்காடு வரை இழுத்துச் செல்ல வேண்டும். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் பின் பம்பரில் கொக்கி பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். பொருத்தலாமா?

பம்பரில் பொருத்தவே கூடாது. பம்பர் என்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் உறையும் அதன் பின்னால் இடி தாங்கும் ஒரு தகடும்தான். இழுவிசையைத் தாங்குவதற்காக அதை யாரும் வடிவமைப்பதில்லை.

கொக்கியைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். இத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று அதில் எண் தந்திருக்கலாம். டிரெய்லர் இழுக்க இவ்வண்டி ஏற்றதன்று என்று எழுதியிருக்கலாம். நம் நாட்டில் விற்கப்படும் குடும்ப வண்டிகள் சிலவற்றின் கையேட்டில் இரண்டாவது வாசகமே இருக்கிறது. அப்படியிருந்தால், எஞ்சினுக்கு வலு இருக்கிறது என்று கடைக்காரர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டு, படகை ஒரு குட்டியானையில் ஏற்றி அனுப்புவதே நல்லது. கிளட்ச், ரேடியேட்டர், பின் அச்சு, பிரேக் ஆகிய அனைத்தும் அந்தக் கூடுதல் சுமையைச் சுமக்க வேண்டும் என்பதால், எஞ்சினின் வலுவை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

கையேடு அனுமதித்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது வண்டியின் அடிக்கட்டமைப்பு. இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் ஏணி வடிவச் சேஸிஸ் தனியாக இருப்பதால், கொக்கியின் தாங்கியை அதன் இரு நீளச் சட்டங்களிலும் போல்ட் போட்டு இறுக்கலாம். எர்டிகா, ஹைக்ராஸ் போன்றவற்றில் உடற்கூடே சட்டமாகவும் இருப்பதால், தயாரிப்பாளர் குறித்துள்ள இடங்களைத் தவிர வேறெங்கும் துளையிடக் கூடாது.

சட்டத்தையும் கவனியுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். அதன் பதிவெண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழியாக வாங்கிய உறுதி, விபத்துக்குப் பின் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இனி எடைக்கு வருகிறேன். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது கீழ்நோக்கி அழுந்த வேண்டும். உங்கள் கணக்கில் அது 40 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் கருவியைச் சமதரையில் வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கி இருக்கும் அதே உயரத்தில் டிரெய்லரின் முனையைத் தாங்கச் செய்தால் அளவு தெரிந்துவிடும். முனை லேசாக இருந்தால், அதாவது படகின் பின்பகுதியில் மோட்டாரும் எரிபொருளும் கூடுதலாக இருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் வால் ஆட்டுவதுபோல இருபுறமும் ஆடத் தொடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கவாட்டில் கடற்காற்று அடிக்க, ஆம்னி பஸ் ஒன்று உரசுவதுபோல் முந்திச் செல்லும்போது அந்த ஆட்டம் கூடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகமெடுத்து நேராக்கிவிடலாம் என்று எண்ணுவதும் ஆபத்து. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். அந்த 40 கிலோ வேனின் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். பின் இருக்கையில் ஒரு பத்து வயதுப் பிள்ளை கூடுதலாக அமர்ந்ததற்கு அது சமம்.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முனை தரையில் குத்தாமல் அவற்றின் மேல் தங்கும். பின்னோக்கி ஓட்டுவதற்கு ஒரு வழி உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரும் போகும். ஞாயிறு காலையில் ஒரு காலி மைதானத்தில் இதைப் பழகிவிட்டு, படகை நீரில் இறக்கும் சரிவுத்தளத்துக்குப் போனால், வேடிக்கை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு திசை சொல்லும்போது குழம்ப வேண்டியிருக்காது.

கடைசியாக, படகு டிரெய்லருக்கே உரிய ஒரு சிக்கல். ஓடி வந்த சக்கரத்தின் மையப்பகுதி சூடாக இருக்கும்; அதை உடனே நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ரப்பர் சீலின் வழியாக உப்பு நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். முட்டுக்காட்டில் கடல்நீரும் கலப்பதால் பேரிங் விரைவில் துருப்பிடிக்கும். தொட்டுப் பார்த்துச் சூடு ஆறிய பின் இறக்குங்கள். விளக்குகளின் பிளக்கை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிரீஸை மெக்கானிக் சொல்லும்வரை காத்திராமல் அடிக்கடி மாற்றுங்கள்.

ஏழு பேரும் சாமான்களும் ஏறினால் எங்கள் வேனின் பின்பகுதி அமுங்கிவிடுகிறது. குலதெய்வம் கோயில் விருதுநகர்ப் பக்கம். ஸ்பிரிங்கில் ரப்பர் கட்டை வைத்தால் சரியாகும் என்கிறார்களே? எட்டாவதாக ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா? — கொளத்தூர் வாசகர்

பார்ப்பதற்குச் சரியாகும், சுமை குறையாது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 1,800 கிலோவும் காலி எடை 1,200 கிலோவும் என்றால் மிஞ்சுவது 600. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் ஏழு பேருக்கு 455 ஆகிறது. சாமான்களுக்கு 145 கிலோதான். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு, பொங்கல் வைக்கும் பானைகள், அரிசி மூட்டை, திரும்பும்போது சித்தப்பா வீட்டில் தந்த தேங்காய்கள் என்று கூட்டினால் அது எளிதில் தீர்ந்துவிடும். ரப்பர் கட்டை பின்பகுதியை உயர்த்திக் காட்டுவதால் நமக்கு எச்சரிக்கை சொல்லும் ஒரே அடையாளமும் மறைந்துவிடுகிறது. டயரும் பிரேக்கும் அதே சுமையைத்தான் சுமக்கின்றன.

மேல் கேரியருக்குக் கையேட்டில் தந்துள்ள எடைக்குள் கேரியரின் சொந்த எடையும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். கனமானவற்றைத் தரைமட்டத்தில், நடு இருக்கைக்கு நெருக்கமாக வைத்து, மெத்தை, தலையணை போன்றவற்றை மட்டும் மேலே கட்டுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் முழுச் சுமைக்கெனத் தனிக் காற்றழுத்தம் இருக்கும். அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து வரும் எண் சுமைக் குறியீடு: 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 95 என்றால் 690 கிலோ. விலை மலிவென்று குறைந்த குறியீடுள்ள டயருக்கு மாறாதீர்கள். நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியை அடிவயிற்றில் தொங்கவிட்டிருக்கும் வேன் என்றால், புறப்படுவதற்கு முன் ஒருமுறை அதை இறக்கி ஏற்றுங்கள். உப்புக் காற்றில் துருவேறிய கம்பிவடம், நள்ளிரவில் விக்கிரவாண்டி அருகே இறங்க மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாவதாக ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையும் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ இருக்க வேண்டும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட சட்டம். அபராதம் 1,000 ரூபாய்.

வேளச்சேரியில் இருக்கிறோம். மழைக்காலத்தில் வேன் இருக்கை வரை மூழ்கிவிட்டால் என்ன செய்வது?

சாவியைத் திருப்பாமல் இருப்பதே முதல் வேலை. எஞ்சினுக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. ஸ்டார்ட் செய்த அந்த நொடியில் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வெள்ளத்தில் தப்பிய எஞ்சின்கள் வெள்ளம் வடிந்த பின் “ஒருமுறை போட்டுப் பார்ப்போமே” என்ற ஆசையில் பழுதாயின. ஈகோ போன்ற வேன்களில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால், இருக்கை நனைந்தது என்றால் எஞ்சினும் நனைந்தது என்றே கொள்ள வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, நீர் ஏறிய மட்டம் தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் டோயிங் வாகனத்தில் அனுப்புங்கள். ஹைபிரிட் வண்டி என்றால் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே வேண்டாம். பணிமனையில் எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவது உண்டு. பின்சக்கர இழுவை வேனில் பின் அச்சின் காற்றுத் துளை வழியாகவும் நீர் புகும் என்பதால், டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் வந்த சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு ஏற்பதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவை அக்டோபருக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியவர்களை ஊரே கேலி செய்தது. எனக்கென்னவோ அவர்கள்மீது மதிப்புதான் வந்தது.

பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வேன். தியாகராய நகருக்குள் பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே ஓடுகிறது. புகைவடிகட்டி விளக்கு அடிக்கடி எரிகிறது.

வடிகட்டியில் சேரும் கரி எரிந்துபோக நீடித்த வெப்பம் வேண்டும். உஸ்மான் சாலையில் முதல் கியரில் ஊர்வதால் அது கிடைக்காது. வாரம் ஒருமுறை, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அலட்சியம் செய்யாமல் பணிமனைக்குப் போங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறினால், கரியை எரிக்கும் சுத்திகரிப்பு பாதியில் நின்றதால் டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது என்று பொருள். நகருக்குள் மட்டுமே ஓட்டும் குடும்பத்துக்கு டீசல் வேன் பொருத்தமில்லை என்பது என் கருத்து.

ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாடை வந்தது. பேட் மாற்ற வேண்டுமா?

பேடைப் பாருங்கள்; அதைவிட முக்கியமாக பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, மிதி தரை வரை போகும். சென்னை போன்ற ஈரக்காற்று நகரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான்; ஏற்காட்டில் 20, கொல்லிமலையில் 70. ஏழு பேருடன் இறங்கும்போது, ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள்.

பின்வரிசையில் ஏ.சி. காற்று வருகிறது, குளிரில்லை.

முன்னால் குளிர்ந்து பின்னால் மட்டும் குளிரவில்லை என்றால், கூரைக் காற்றுவாய்கள் உள்ள வேன்களில் பெரும்பாலும் பின் புளோயரின் வடிகட்டியோ, இரண்டாவது குளிர்விப்பானோ தூசியால் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் கேஸ் மட்டும் நிரப்புவது வீண் செலவு.

என் டீசல் வேனுக்கு 15 ஆண்டு நிறைகிறது. இனி ஓட்டக் கூடாதாமே?

பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அது டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பற்றியது. சென்னையில் தகுதிச் சோதனைக்குப் பின், பசுமை வரி செலுத்தி, ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். பதிவு காலாவதியாவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள்.

வழியில் நின்றுபோன வேனை நண்பரின் காரில் கயிறு கட்டி இழுக்கலாமா?

மேனுவல் கியர் என்றால், கியரை நியூட்ரலில் வைத்து, அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை மட்டும் இழுக்கலாம். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாய்க் கனக்கும் என்பதால், பின் வண்டியில் அமர்பவர் அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். இழுக்கும் காரின் எடை உங்கள் வேனைவிடக் குறைவு என்றால் முயல வேண்டாம். தானியங்கி கியர் வேனையும் ஹைபிரிட்டையும், எஞ்சினோ மோட்டாரோ சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால் கியர்பெட்டியும் மோட்டாரும் கெடும். அவற்றுக்கு முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் வாகனமே வேண்டும்.