தாய்ப்பாலா, புட்டிப்பாலா: பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டுமா?

"முதல் பிரசவம், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நான்காம் மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். பின்னால் தொல்லை இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே புட்டிப்பால் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் மூத்தவனை டப்பாப் பாலில் வளர்த்தேன், சின்னவளைத் தாய்ப்பாலில் வளர்த்தேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தாய்ப்பாலிலிருந்து புட்டிக்கு எந்த வாரத்திலும் மாறிக்கொள்ளலாம். புட்டியிலிருந்து தாய்ப்பாலுக்குத் திரும்புவதுதான் பெரும்பாடு. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே, அதே கதை. குழந்தை குடித்தால்தான் அடுத்த வேளைக்குப் பால் சுரக்கும். அதனால் இப்போதே முடிவு எடுக்காதீர்கள். முதல் ஒரு மாதம் தாய்ப்பாலுக்குக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மூத்தவன் விஷயத்தில் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. சிசேரியன். மூன்று நாள் பால் இறங்கவில்லை. சிசேரியனில் இப்படித் தாமதமாவது சகஜம் என்பதோ, முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஐந்து, ஏழு மில்லிதான் கொள்ளும், அதற்குச் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே போதும் என்பதோ எனக்குத் தெரியாது. பார்க்க வந்த பெரியம்மா பிள்ளை அழுவதைக் கேட்டுவிட்டு, "இவளுக்குப் பால் பத்தல" என்றார். அந்த ஒரு வார்த்தை வார்டு முழுக்கப் பரவி, சாயங்காலத்துக்குள் டப்பா வந்துவிட்டது. நான்காம் நாள் எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடந்தது. அவனோ புட்டி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். ஐந்தாவது வாரத்தில் மார்பருகே கொண்டுபோனாலே முதுகை வில்லாக வளைத்துக் கத்த ஆரம்பித்தான். புட்டியில் வாய் வைத்ததும் பால் வரும், மார்பில் கொஞ்சம் உழைத்த பிறகுதான் இறங்கும். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அத்துடன் முடிந்தது.

இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறான், எந்தக் குறையும் இல்லை. சளி பிடித்தால் மட்டும் என் மாமியார் "தாய்ப்பால் குடிக்காத பிள்ளை" என்று ஆரம்பிப்பார். அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

சின்னவளுக்கும் சிசேரியன்தான், ஊரில் அரசு மருத்துவமனையில். இரவு ட்யூட்டியில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா நான் பிள்ளையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ ஏன் குனியுற? பிள்ளைய உன்கிட்ட கொண்டா." தையல் இழுக்காமல் இருக்க, பிள்ளையின் கால் என் கைக்கு அடியில் பின்பக்கம் போகும்படி இடுக்கிப் பிடிக்க வைத்தார். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேராக வர வேண்டுமாம். காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். கொட்டாவி மாதிரி வாயை அகலமாகத் திறந்த நொடியில் சட்டென்று அணைத்தார். காம்பு மட்டும் அல்ல, சுற்றியுள்ள கருவட்டமும், அதிலும் கீழ்ப்பகுதி நிறையவே, வாய்க்குள் போனது. தாடை மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது. வலி இல்லை! மூத்தவன் சமயத்தில் காம்பு வெடித்து ரத்தம் வந்ததெல்லாம் அவன் நுனியை மட்டும் கடித்ததால்தான் என்று நாலு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் புரிந்தது. மொத்தமே பத்து நிமிடம். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் இப்படி ஒருவரைப் பிடித்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பால் கொடுத்துப் பாருங்கள். பால் ஊறும் என்று வீட்டில் செய்துதரும் பால் சுறா புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் அப்புறம். அவை ருசிக்கே சாப்பிடத் தகுந்தவை.

அடுத்து, "பால் பத்தல" என்பதை எப்படிச் சரிபார்ப்பது? அழுகையை வைத்து அல்ல. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா என்று பாருங்கள். டயப்பர் போடாமல் துணி கட்டியதால் எங்கள் வீட்டில் கணக்கு சுலபம், அம்மா கொடியில் காயும் துணியை எண்ணிவிடுவார். முதல் சில நாள் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். துணி நனையவில்லை, எடை ஏறவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். நிஜமாகவே பால் போதாத தாய்மார்கள் இருக்கிறார்கள், தாய்ப்பால் கொடுக்கக் கூடாத மருந்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது டப்பாதான் சரி, யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பாதி தாய்ப்பால், பாதி டப்பா என்றும் ஓட்டலாம். இதை ஏனோ யாரும் சொல்வதே இல்லை.

வேலை விஷயம். நான்காம் மாதம் என்கிறீர்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால் 2017-லிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. எச்.ஆரிடம் ஒருமுறை எழுத்தில் கேட்டுவிடுங்கள். எனக்கு அது கிடைத்தது, ஆனால் பால் எடுக்க இடம் கிடைக்கவில்லை. பழைய பிரிண்டர் கிடந்த ஸ்டோர் ரூமில், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல், நாற்காலியை முட்டுக்கொடுத்து பம்ப் செய்தேன். எடுத்த பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. சென்னை மே மாதத்துக்கு அது பொருந்தாது, உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே நாலு நாள் இருக்கும். ஆடை பிரிந்து மேலே நிற்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், என் அம்மா ஒரு முழு பாட்டிலைக் கொட்டி என்னை அழவைத்தார். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் பாட்டிலை வைத்துச் சூடாக்கினால் போதும், அடுப்பில் வைக்கக் கூடாது.

டப்பாப் பால்தான் என்று முடிவானால் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். அந்த டப்பாவோடு வரும் கரண்டியைத்தான் பயன்படுத்த வேண்டும், தலைதட்டிய அளவு, டப்பாவில் போட்டிருக்கும் தண்ணீர். "கெட்டியா இருந்தா செரிக்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு மடக்கு தண்ணீர் கூட்டுவார்கள். பிள்ளை வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், எடை ஏறாது. இன்னொன்று, ஒரு வயதுக்குள் பசும்பாலைப் பாலாகக் கொடுக்க வேண்டாம். செலவையும் கணக்குப் போடுங்கள், மூன்று மாதக் குழந்தைக்கு 400 கிராம் டப்பா நாலு நாள் வந்தால் பெரிது. (அந்த டப்பாவில் குழந்தை படமே இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? 1992-ல் வந்த சட்டம் அதைத் தடை செய்கிறது. விளம்பரமும் கூடாது.) எந்தப் பாலானாலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம், வெயில் காலத்திலும்.

கடைசியாக, ஆஸ்பத்திரிப் பையில் ஒரு பாலாடை, அதாவது பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் பீய்ச்சிய பாலோ பவுடர் பாலோ கொடுக்க நேர்ந்தாலும் அதில் புகட்டலாம். புட்டி வாங்கிவைக்க வேண்டாம். தேவைப்பட்டால் எந்த மெடிக்கலிலும் பத்து நிமிடத்தில் கிடைக்கும். பிள்ளை பிறக்கும் முன்னால் எதையும் வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, இந்த ஒரு சாமானுக்கு மட்டும் அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.