நுவரெலியாக் குளிருக்கு உறங்கும் அறையில் கரிச்சட்டி வைக்கலாமா? யன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதாதா?

போதாது. நீங்கள் கொழும்பு போன்ற வெப்பமான ஊரிலிருந்து வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இப்பக்கம் குடிவந்தவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். உறங்கும் அறைக்குள் தணல் இருக்கவே கூடாது. யன்னலை எவ்வளவு திறந்தால் போதும் என்று கணக்கிட எவராலும் முடியாது. நடுச்சாமத்தில் குளிர் ஏறும்போது வீட்டில் யாரேனும் ஒருவர் அதையும் இழுத்துச் சாத்திவிடுவார்.

விறகு புகைந்தால் கண் எரிந்து, இருமி எழுந்துவிடுகிறோம். நன்கு கனன்ற சிரட்டைக்கரியோ புகை காட்டுவதில்லை என்பதாலேயே அதை நல்ல நெருப்பு என்று நம்பி உள்ளே எடுத்து வருகிறோம். ஆனால் அதிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் உள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஒட்சிசன் இன்றித் தவிக்கத் தொடங்கும்.

என் தங்கை பிள்ளை பெற்று வீடு வந்தது தை மாதத்தில், பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் நாட்களில். எங்களுடையது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு காம்பரா (ஓர் அறை); அதற்கு இருந்த ஒரே யன்னலின் இடுக்குகளிலும் அம்மா சாக்குத் துணியைச் செருகியிருந்தார். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர் ஏறக் கூடாது என்று கட்டிலுக்கு அருகில் நெருப்புச் சட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காலையில் தங்கைக்குத் தலையைப் பிளக்கும் வலி, அம்மாவுக்குக் குமட்டல், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. மருந்து வாங்கப் போன இடத்தில் பிரசவக் களைப்பு என்று சொல்லிப் பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வெயிலில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வலி தணிந்தது. மறுநாள் விடியும்போது திரும்பவும் அதே நிலை. குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்திருந்த பக்கத்துக் காம்பரா அக்காதான் உள்ளே எட்டிப் பார்த்து, "ஒரே நேரத்துல மூனு பேருக்கும் ஒரே நோவு எப்படி வரும் தம்பி? மொதல்ல அந்தச் சட்டியத் தூக்கி வெளிய வை" என்றார். அங்கே குளிர்காலத்தில் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் விடியும்போது எழுந்திருக்காத கதைகளை அவர் கேட்டிருந்தார். வைத்தியசாலையில் முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள், மூவரும் பிழைத்தார்கள்.

முன்னோர் வழக்கத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாட்டி காலத்துக் காம்பராவில் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று தாராளமாகப் புகுந்தது. இப்போது சீலிங் அடித்து, ஓட்டைகளைப் பூசி, கதவுக்கு அடியில் துணி வைத்து அடைத்த பின்னரும் அதே சட்டியை அதே இடத்தில் வைக்கிறோம்.

அறைக்குள் கரி மூட்டி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளின் கீழே "படிப்பறிவில்லாத தோட்டத்துச் சனங்கள்" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மழை வந்ததும் இறைச்சி வாட்டிய கரியடுப்பைச் சுற்றுலா விடுதி அறைக்குள் தூக்கிச் செல்கிறவர்கள் படித்தவர்கள்தாம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, இதே வாயுவைக் கக்கும் மின்பிறப்பாக்கியை விறாந்தையிலேயே ஓடவிட்டவர்களும் படித்தவர்கள்தாம். அதை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, கதவு யன்னல்களுக்கு எதிர்ப்புறமாகப் புகை போகுமாறு வைக்க வேண்டும். ஒரு குடும்பமே சமைத்து உறங்கும் அறைக்குப் புகைபோக்கி கூட வைக்காமல் கட்டிக் கொடுத்தவர்களை மட்டும் யாரும் கேட்பதில்லை.

குளிருக்குச் சுடுநீர்ப் பையும் கம்பளியும் போதும். தணல் காய்வதென்றால் முற்றத்தில் காயுங்கள். சாம்பல் மூடிய கரியும் வாயுவை விடும் என்பதால், காய்ந்து முடிந்த சட்டியையும் உள்ளே கொண்டுவர வேண்டாம். குளியலறையில் எரிவாயு நீர்ச்சூடாக்கி இருந்தால், அதன் புகைக்குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். வசதி இருந்தால் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிப் படுக்கையறைக்கு அருகில் பொருத்துங்கள். புகையை மட்டும் அறியும் கருவி இதற்கு உதவாது. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு கூடுதல்.

காய்ச்சல் இல்லாமல் வீட்டில் பலருக்கும் ஒன்றாகத் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி வந்து, வெளியே போனதும் தணிந்தால் காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அறைக்குள் கரி எரிந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒட்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி இந்த வாயுவையும் ஒட்சிசன் என்றே எண்ணி அளவு சரியாக இருப்பதாகக் காட்டிவிடும். குருதியைச் சோதித்தால்தான் தெரியும்.