தாத்தாவின் மடக்குக் கத்தியைத் தினமும் பையில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற மடக்குக் கத்தி ஒன்று மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. எலும்புப் பிடி, இரண்டு அலகுகள், பெரிய அலகின் அடியில் ‘ஷெஃபீல்டு, இங்கிலாந்து’ என்று முத்திரை. அதில் தொடங்கிய ஆசை, இன்று பழையதும் புதியதுமாகப் பதினான்கு கத்திகளில் வந்து நிற்கிறது. இனி ஒன்றைத் தினமும் பையில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். தாத்தாவின் கத்தியையே எடுத்துச் செல்லலாமா? அதன் அலகு கறுத்திருக்கிறது. பாலிஷ் போட்டுப் புதிதாக்கினால் மதிப்புக் கூடுமா? மற்ற கத்திகளை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: எடுத்துச் செல்ல வேண்டாம். பாலிஷும் வேண்டாம்.

பையில் இருக்கும் பொருள் என்றாவது ஒருநாள் தொலையும். பஸ் இருக்கையின் இடுக்கில் நழுவி விழும். கால்சட்டையோடு சேர்ந்து சலவைக்குப் போகும். ‘ஒரு நிமிடம் கொடுங்கள்’ என்று வாங்கிய நண்பர் அதைக்கொண்டு பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்புவார். இந்த மூன்றையும் நான் பார்த்துவிட்டேன். மூன்றாவதில் முனை ஒடிந்துபோனது, நட்பு தப்பித்தது. தொலைந்தாலும் ஒடிந்தாலும் அதே போன்ற இன்னொன்றை மறுநாளே வாங்கிவிட முடியும் என்பதுதான் அன்றாடக் கத்திக்கு முதல் தகுதி. உங்கள் தாத்தாவின் கத்திக்கு அது மட்டும் இல்லை.

இன்னொரு காரணம் கத்தியின் உள்ளே இருக்கிறது. இந்த வகைப் பழைய கத்திகளில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகோடு ஓடும் பட்டை ஸ்பிரிங் அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்திவைப்பது அந்த அழுத்தம் மட்டுமே. நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு வழிவிடும். சில கத்திகளில் அலகு செங்குத்தாக வந்ததும் ஒருமுறை தங்கும். மறுபடி இழுத்தால் கிளம்பி, கடைசியில் ‘டக்’ என்று உட்காரும். இதைக் கத்தியின் ‘நடையும் பேச்சும்’ என்பார்கள் சேகரிப்பாளர்கள். பேச்சு மங்கி, அலகு தொளதொளவென்று வந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட கத்தி வேலையின் நடுவே விரல்மேல் மடங்கும்.

தாத்தாவின் கத்தியை ஒருமுறை நிதானமாகச் சோதித்துவிடுங்கள். அலகைத் திறந்து முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் இலேசாக அசையுங்கள், ஆட்டம் இருக்கிறதா? முதுகை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் அதை அணைத்திருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே ஒளி கசிகிறதா? மூடிய நிலையில் விரலை ஓட்டினால் முனை நெருடுகிறதா? பல்லாண்டுகள் சாணை பிடித்துத் தேய்ந்த அலகுகளில் இந்த நெருடல் சகஜம். பையில் கைவிடும்போதெல்லாம் குத்தும். அலகின் அடியிலுள்ள சிறு மேட்டை அரத்தால் ராவினால் முனை உள்ளே இறங்கிவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், இறங்கும். ஆனால் ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கூடுதலாக ராவினால் வெட்டுவாய் ஸ்பிரிங்கில் போய் மோதும். தாத்தாவின் கத்தியில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டும் என்றது. 1891இல் அது நடைமுறைக்கு வந்தது. ஷெஃபீல்டு பட்டறைகளின் பெரிய சந்தை அமெரிக்காதான். ஆகவே அலகின் அடியில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. முடிவான சான்று அல்ல, நல்ல தடயம். உங்களுடையதில் அந்தச் சொல் இருக்கிறது. அதன் மேலேயோ பக்கத்திலேயோ பட்டறையின் பெயரோ சின்னமோ இருக்கும், பூதக்கண்ணாடியில் பாருங்கள். நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் சேர்ந்து இருந்தால் அது ஜோசப் ராட்ஜர்ஸ் பட்டறையின் சின்னம்.

பாலிஷ் வேண்டாம் என்பதற்கு இந்த முத்திரையே காரணம். சுழலும் துணிச்சக்கரத்தில் கொடுத்தால் முதலில் மங்குவது முத்திரையும் அலகின்மேல் பொறித்த எழுத்தும்தான். கூர்மையான ஓரங்கள் சோப்புக்கட்டிபோல் மழுங்கிப்போகும். சூடேறினால் வெட்டுவாயின் பதமும் கெடும். பளபளக்கும் நூறாண்டுக் கத்தியைக் கண்டால் அனுபவமுள்ளவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். நீங்கள் ‘கறுப்பு’ என்று எழுதியிருப்பது சாம்பலும் நீலமும் கலந்த கறையாக இருந்தால் அது கார்பன் எஃகின் தோல், அப்படியே விடுங்கள். செம்பழுப்பாக, தொட்டால் பொடியாக வருவது மட்டுமே துரு. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். உப்புத்தாளைத் தொடவே வேண்டாம்.

இனி பையில் எதை வைப்பது? அலகு 6 முதல் 7.5 சென்டிமீட்டருக்குள் போதும். கடிதம் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க, பென்சில் சீவ அதற்குமேல் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அமெரிக்க வகைகளில் ‘பீனட்’ என்பது மடக்கினால் 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். பையில் இருப்பதே தெரியாது. ‘ஸ்டாக்மேன்’ மூன்று அலகு கொண்டது, வேலைக்காரக் கத்தி, கொஞ்சம் பருமன். சுவிஸ் கத்தியைச் சேகரிப்பாளர்கள் சிலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை உருவாக்கிய கார்ல் எல்செனர், ராணுவ அதிகாரிகளுக்கென்று செய்த தம் ‘அதிகாரிக் கத்தி’க்கு 1897இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றார். அந்த வடிவம் இன்றும் அடையாளம் தெரியும்படி இருக்கிறது. இதைவிடப் பாரம்பரியம் என்ன வேண்டும்?

ஆரம்பிப்பவர் எவருக்கும் நான் முதலில் சொல்வது ஒப்பினெல். பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கியது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, கழுத்தில் ஒரு பூண், அதன்மேல் ஒரு வளையம், அவ்வளவுதான் உறுப்புகள். கழுத்தைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். இந்த வளையம் 1955இல் வந்தது. ஒப்பினெல்லின் அளவுகளுக்கு எண் உண்டு. எட்டாம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர், பைக்கு அதைவிடச் சிறிய எண்களே வசதி. ஈரம் பட்டால் மரம் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகு தானே எட்டிப்பார்க்கும்.

அந்த வளையப் பூட்டுதான் சில நாடுகளில் சட்டச் சிக்கலும் ஆகிறது. பிரிட்டனில், காரணம் எதுவும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய மடக்குக் கத்தி பூட்டில்லாததாகவும், வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். அங்கே வளையம் கொண்ட ஒப்பினெல் எவ்வளவு சிறியதானாலும் அந்த விலக்குக்குள் வராது. ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகை நியாயமான காரணமின்றி எடுத்துச் செல்வதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நாட்டுக்கு நாடு, சில இடங்களில் ஊருக்கு ஊர், விதி மாறும். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை நீங்களே படித்துவிடுங்கள். பள்ளி, நீதிமன்றம், விமானத்தின் பயணியர் பகுதி ஆகியவற்றுக்குக் கத்தியோடு போக நினைக்கவே வேண்டாம். விமானப் பயணத்துக்கு முந்தைய இரவே கத்தியை எடுத்து வைத்துவிடுங்கள். நான் எட்டு ஆண்டுகள் பழக்கிய பீனட் ஒன்றைச் சோதனை மேடையருகே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் என் கையாலேயே போட்டுவிட்டு விமானம் ஏறியவன்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? வியர்வை அதிகம், பராமரிக்கப் பொறுமை குறைவு என்றால் துருப்பிடிக்காத எஃகை வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது கார்பன். தீட்டுக்கல்லில் சீக்கிரம் கூராகும், தீட்டும்போது ஓரத்தில் எழும் பிசிறு சுலபமாக விழும். அதைவிட, அது நிறம் மாறும் அழகு. புதுக் கார்பன் அலகால் ஓர் ஆப்பிளை நறுக்கிவிட்டுச் சில நிமிடங்கள் அப்படியே வையுங்கள். சாறு பட்ட இடத்தில் மேகம்போல் ஒரு மங்கல் படியும், ஓரத்தில் ஊதாவும் நீலமும் தெரியும். உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். சில வாரங்களில் அலகு முழுதும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வரும். அதன்பின் துரு அவ்வளவு எளிதில் ஏறாது. ஒரே இரவில் வினிகரில் ஊறவைத்து இதை வரவழைப்பவர்களும் உண்டு. செய்யலாம், தவறில்லை, நான் செய்வதில்லை.

பையில் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள். தனிப் பை, அல்லது ஒரு கைக்குட்டை. வாரம் ஒருமுறை அலகைத் திறந்து உள்ளே ஊதுங்கள். துணிப்பஞ்சு எவ்வளவு சேரும் என்று பார்த்தால் திகைப்பீர்கள். மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாக இறுகும். மூடும்போது அலகைத் தானாக அறைந்து விழ விடாமல் விரலால் கொண்டுபோய்ச் சேருங்கள். ஒரே ஸ்பிரிங்கில் இரண்டு அலகுகள் இருந்தால் இரண்டையும் பாதி திறந்து வைக்காதீர்கள். பூட்டில்லாத கத்தியால் குத்துவதோ நெம்புவதோ கூடாது. தீட்டும் கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. அதைப் பழக விலை குறைந்த கத்தி ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருக்கும் மற்றவற்றுக்கு வருவோம். இங்கே பலரும் செய்யும் தவறு, நல்ல கத்திக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தோலுறைக்குள் போட்டு வைப்பது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்புகளும் அமிலமும் அதிலேயே இருக்கும். நான் ஒன்றை அப்படி ஓராண்டு வைத்துவிட்டு எடுத்தபோது, அலகில் உறையின் தையல் வரிசை புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. தோலுறை எடுத்துச் செல்ல மட்டுமே.

அதைவிட மோசமானது செல்லுலாய்டு. உங்கள் பழைய கத்திகளில் முத்துச்சிப்பிபோல் மின்னும் பிடியோ, ஆமையோடு போன்ற பிடியோ இருந்தால் உற்றுப் பாருங்கள். முதுமையில் செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவி கசியும். அந்தக் கத்தி மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கும் எல்லாமே துருப்பிடிக்கும். பித்தளைத் தகட்டில் திடீரென்று பச்சைக் களிம்பு, பிடியில் நுண்விரிசல், கற்பூரமும் புளிப்பும் கலந்த வாடை, இவைதான் அறிகுறிகள். அதை உடனே தனியே எடுத்துக் காற்றாட வையுங்கள். நெருப்புக்கு அருகே வேண்டாம், எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள் அது. பதினான்கு கத்திகளையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

இனி வாங்குவதானால் கண்டதையெல்லாம் வாங்காமல் ஒரு வகையையோ ஒரு பட்டறையையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பத்து முறை பார்த்த கண்தான் போலியைக் கண்டுபிடிக்கும். அமெரிக்காவின் ‘கேஸ்’ நிறுவனக் கத்திகள் பழகுவதற்கு ஏற்றவை. 6318 என்ற எண்ணில் 6 எலும்புப் பிடி, 3 அலகுகளின் எண்ணிக்கை, 18 வடிவம். 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எண்ணிப் பார்த்தே ஆண்டைச் சொல்லிவிடலாம். எழுத்துகள் மட்டும் புதுக்கருக்கோடு நிற்க அலகு தேய்ந்து கிடந்தால், முத்திரை பிற்பாடு அடித்ததாக இருக்கலாம்.

தாத்தாவின் கத்தியை எலும்புப் பிடி வெடிக்காதபடி வெயிலும் ஹீட்டரும் படாத இழுப்பறையில், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவர் எதற்குப் பயன்படுத்தினார், யாரிடமிருந்து வாங்கினார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதி அதே துணிக்குள் போட்டுவிடுங்கள். ஸ்பிரிங் சோதனையில் தேறிவிட்டால், மாதம் ஒருமுறை எண்ணெய் போடுவதற்கு முன்பு அதனால் ஓர் ஆப்பிளை நறுக்கிக்கொள்ளலாம்.