ஐஸ் ஹாக்கியில் பக்கை ஃப்ரீசரில் வைத்து எடுப்பது ஏன்? உறைந்தால் வேகமாக ஓடுமா?

வேகத்துக்காக இல்லை, துள்ளாமல் இருக்கத்தான்.

பக் என்பது வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய) ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், 156 முதல் 170 கிராம் எடை. அறை வெப்பத்தில் அது ரப்பர் பந்துக்குத் தம்பி. மட்டை பட்டால் அமுங்கி, வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து எகிறும்; சமயத்தில் விளிம்பில் நின்று உருண்டே ஓடும். குளிர்ந்த ரப்பர் விறைப்பானது. வாங்கிய ஆற்றலில் கூடுதல் பங்கை உள்ளுக்குள்ளேயே வெப்பமாக்கிவிடும். அதனால் படுத்த வாக்கில் போகும். என்எச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) போட்டிகளில் ஆட்டத்துக்கு முன்பே பக்குகளை உறைய வைப்பது இதற்காகத்தான். கண்ணாடி போல நொறுங்காதா என்றால், நொறுங்காது. இயற்கை ரப்பர் அந்த நிலைக்குப் போக மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே இறங்க வேண்டும்.

உராய்வு வேறு கதை. எடையின் அழுத்தத்தில் ஐஸ் உருகுவதால்தான் வழுக்குகிறது என்று இன்னும் பாடம் நடத்துகிறார்கள், எரிச்சலாக வருகிறது. கணக்குப் போடுங்கள்: 170 கிராம் பக்கின் விசை சுமார் 1.7 நியூட்டன், அடிப்பரப்பு சுமார் 45 சதுர செ.மீ. அழுத்தம் 370 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 270-ல் ஒரு பங்கு. ஒரு முழு வளிமண்டலத்தைக் கூட்டினாலே உருகுநிலை 0.0075 டிகிரிதான் இறங்கும். ‘மேடுகளில் மட்டுமே தொடுவதால் அங்கே அழுத்தம் அதிகம்’ என்று ஒருவர் வருவார். சரி, ஆயிரம் மடங்கே வைத்துக்கொள்ளுங்கள், 0.03 டிகிரியைத் தாண்டாது. வழுக்க வைப்பவை ஐஸின் மேல்தட்டில் பிடிப்புத் தளர்ந்து கிடக்கும் மூலக்கூறுகளும் உராய்வில் பிறக்கும் வெப்பமும்.

ஹாக்கித் தளத்தின் ஐஸ் வழக்கமாக மைனஸ் 4 முதல் மைனஸ் 6 டிகிரி. 0-வை நெருங்கினால் ஐஸ் இளகி, ஸ்கேட் கத்தி குதறிவிடும். மிகவும் குளிர்ந்தால் வழுக்கும் படலம் குறைந்து உராய்வு ஏறும், ஐஸும் சில்லுச் சில்லாகப் பெயரும். எஃகை ஐஸ் மேல் ஓட்டி அளந்தபோது உராய்வு மிகக் குறைந்தது மைனஸ் 7 அருகே. ரப்பருக்கும் அதே எண் என்று நான் சொல்லவில்லை.

உராய்வுக் கெழு (எடையில் எத்தனை பங்கு உராய்வாக இழுக்கிறது என்ற எண்) 0.1 என்றால் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தள்ளிய பக் சுமார் 50 மீட்டரில் நிற்கும். 0.05 என்றால் 100 மீட்டர். என்எச்எல் தளமே 61 மீட்டர்தான். (காற்றுத் தடையைச் சேர்க்கவில்லை.) 20 நிமிடப் பகுதியின் கடைசியில் பாஸ் பாதியிலேயே சோர்ந்துபோவதற்குக் காரணம் பக் அல்ல, கத்திகள் சீவிப்போட்ட ஐஸ் துகள். இடைவேளையில் ஸம்போனி வண்டி அதைச் சுரண்டி, மேலே வெந்நீர் விட்டால் பழையபடி ஓடும்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால், பக்கைத் துடைத்து ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் பனிப்பொருக்கு ஒட்டிக்கொண்டு தளத்தில் இழுக்கும். மறுநாள் இதையும் வெளியே இருந்த இன்னொன்றையும் ஒரே உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் தட்டையாக விடுங்கள். எடுத்த கையோடு செய்யுங்கள். பிடித்துக்கொண்டே நின்றால் வெளிப்பக்கம்தான் முதலில் சூடேறும், தரையில் மோதி அமுங்குவதும் அதே பக்கம்தான்.