வாங்கும் முன்: உப்புநீர்த் தொட்டிக் கடிதங்கள்

சென்ற மாதம் ஒரு வாசகர் கடல்மீன் தொட்டியைப் பற்றிக் கேட்டார். இரண்டு வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரிக்குத் தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் முழுவதும் அவற்றுக்கே. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: பத்து வருடமாகக் கப்பியும் ஏஞ்சலும் வளர்க்கிறேன் ஐயா. 200 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதிலேயே உப்பைக் கலந்து கடல்மீன் விடலாமா? புதிதாக என்ன வாங்க வேண்டும்? (சாட்ஸ்வொர்த்)

ப: கண்ணாடித் தொட்டி போதும். ஆனால் ஒரு கேள்விக்கு மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள்: அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மீன்மருந்து ஊற்றியதுண்டா? உண்டென்றால், செம்பு கல்லிலும் சிலிக்கோன் ஒட்டிலும் தங்கிப் பிறகு மெல்லக் கசியலாம். மீன் தாங்கிக்கொள்ளும். இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. பழைய கூழாங்கல்லை எப்படியும் கொட்டிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை: கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு, உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், லைவ் ராக் என்று விற்கும் கடற்பாறை, நீரைச் சுழற்றும் பம்பு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதிக்கும் பெட்டி. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, ஆக உங்கள் தொட்டிக்கு 7 கிலோ. குழாய்த் தண்ணீர் வேண்டாம், தண்ணீர்க் கடையில் ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள்.

உப்பளவில் கஞ்சத்தனம் கூடாது. முள் ஆடிக் காட்டும் மலிவான பிளாஸ்டிக் கருவி ஒன்றை நான் வாங்கினேன். முள்ளில் உப்பு படிந்து கனத்துப்போனதால் அது குறைத்தே காட்டியது. நானும் மேலும் மேலும் உப்பைக் கொட்டினேன். நத்தைகள் செத்த பிறகுதான் கருவியின் மேல் சந்தேகம் வந்தது. கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்க வேண்டும்.

நன்னீர்க்காரர்கள் சறுக்கும் இடம் இன்னொன்று. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மட்டம் குறைந்தால் உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். மீன் கடைசியில். தொட்டி பழுக்க, அதாவது மீன் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில் குடியேற, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

கே: அடுப்படி உப்பு போதாதா? (டோங்காட்)

ப: மாரியம்மன் கஞ்சிக்குப் போதும். கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு, உங்கள் டப்பாவில் இருப்பது அநேகமாகச் சோடியம் குளோரைடு மட்டும்.

கே: கடலுக்குப் பத்து நிமிடத்தில் வீடு. டிரம்மில் தண்ணீர் பிடித்து வந்தால் காசு மிச்சம். பாறைக்குழிகளில் குட்டி மீனும் இருக்கிறதே? (மியர்பேங்க்)

ப: துறைமுகமும் ஆற்று முகத்துவாரமும் இருக்கும் ஊரில் எந்த இடத்துத் தண்ணீரை நம்புவீர்கள்? 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து டர்பன் கடற்கரைகள் பல மாதம் மூடிக் கிடந்ததை மறந்துவிட்டீர்களா? மழைக்குப் பிறகு கரையோர நீரின் உப்பளவும் இறங்கிவிடும். மீனைப் பொறுத்தவரை, 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டம் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். பவளத்தின் பக்கம் கையையே கொண்டுபோக வேண்டாம்.

கே: தொட்டி, உப்பு, பாறை, இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாங் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கடையில் 6,400 ரேண்டுக்கு வாங்கினேன். எனக்கு உப்புநீர் புதிது என்று சொன்னேன். "இந்தப் பாட்டிலை ஊற்றுங்கள், இன்றே மீனை விடலாம்" என்றார்கள். ஒன்பதாம் நாள் எல்லாம் செத்தன. கேட்கப் போனால் சுவரில் "பணம் திருப்பித் தரப்படாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள். (ஃபீனிக்ஸ்)

ப: தங்கச்சி, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. தெரியாது என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர் பொய் சொல்லியிருக்கிறார். மீன் கழிக்கும் அம்மோனியாவை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அந்த நுண்ணுயிர்களை அடைத்து விற்கும் பாட்டில் சில சமயம் உதவும். வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் என்ன உயிரோடு இருக்கும் என்பது வேறு விஷயம். அதை ஊற்றிவிட்டு அன்றைக்கே மூன்று மீனை விடச் சொல்வது வியாபாரம் இல்லை, வழிப்பறி. அதிலும் நீல டாங் வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும். அது சிறிய தொட்டிக்கான மீனே இல்லை.

இனி அந்தப் பலகை. இந்தப் பலகையைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும், இருபது வருடமாகக் கொதிக்கிறது. துணிக்கடை, செருப்புக்கடை, கைப்பேசிக் கடை என்று எங்கே போனாலும் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதுவும் தொங்கும். ஏதோ நாடாளுமன்றம் நிறைவேற்றியது போல நம் ஆட்களும் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றியது வேறு: 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 55ஆம் பிரிவின்படி, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விவரம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளும் கடைக்காரரிடம் வாங்கிய பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று முடிவு செய்பவர் நீங்கள், அவர் இல்லை. பலகை எழுதி இந்த உரிமையை அழிக்க முடியாது. அந்தப் பலகைக்கு மதிப்புள்ள ஒரே இடம், "நிறம் பிடிக்கவில்லை" என்று மனம் மாறி வருபவரிடம்தான்.

செத்த மீனுக்கு "நீங்கள் பார்த்துக்கொண்ட லட்சணம்" என்று அவர் சொல்லத்தான் செய்வார். அதனால் சான்று முக்கியம். ரசீது, தொட்டியின் படங்கள், அந்தப் பாட்டில் எதையும் தூக்கி எறியாதீர்கள். தொட்டி நீரை வேறொரு கடையில் சோதித்து, முடிவைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். யார் எப்போது என்ன சொன்னார் என்பதை எழுதி, கடைக்குக் கடிதமாகக் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மசியாவிட்டால் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள், சேவை ஓம்பட் அலுவலகத்துக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. அதற்கும் பிறகு சிறு வழக்கு நீதிமன்றம். உங்கள் தொகை அதன் வரம்புக்குள் தாராளமாக அடங்கும், அங்கே வக்கீல் வாதாட முடியாது என்பதால் அந்தச் செலவும் இல்லை. என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: இணையத்தில் ஒருவரிடம் தொட்டியும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் 4,500 ரேண்டுக்கு வாங்கினேன். ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்து நீர் ஊற்றினால் ஒழுகுகிறது. சட்டம் இருக்கிறதே? (லெனேசியா)

ப: சட்டம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. வியாபாரி அல்லாத தனியாள் தன் பழைய சாமானை விற்றால் நுகர்வோர் சட்டம் அங்கே எட்டாது. ஃபுட்ஸ்டூட்ஸ் என்றால் "இருக்கிறபடியே எடுத்துக்கொள்" என்று பொருள், கையெழுத்துப் போடும் முன் கேட்டிருக்கலாம். ஒழுகல் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் வழியுண்டு. வாராவாரம் தொட்டி விற்பவர் என்றால் அவர் வியாபாரிதான், அப்போது கதை மாறும். ஆனால் நீர் ஊற்றிப் பார்க்காமல் தொட்டி வாங்குபவரை நான் என்ன செய்வது? குடத்தைக்கூடத் தட்டிப் பார்த்து வாங்கிய பாட்டிமாரின் பேரன்தானே நீங்கள்?

கே: மின்வெட்டு திரும்பி வந்தால் தொட்டிக்கு எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

ப: நான் வாங்கியதை வாங்காதீர்கள். 2023இல் நாள் தவறாமல் மின்சாரம் போனபோது, பாதி விலையில் கிடைக்கிறதே என்று ஒன்றைத் தூக்கி வந்தேன். அதில் வந்தது வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான சைன் அலை இல்லை. பம்பு வண்டுபோல இரைந்தது, கை வைக்க முடியாதபடி சுட்டது, மூன்றாம் வாரம் நின்றுபோனது. விளம்பரத்தில் அலையின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, நான் விலையை மட்டும் படித்தேன். வாங்கினால் ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மட்டும் என்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பே போதும். மின்சாரம் போனால், நீர் குளிர்வதற்கு முன்பே மூச்சு முட்டித்தான் மீன் சாகும்.

கே: மகள் மாண்டரின் மீன் கேட்கிறாள். அழகாக இருக்கிறது. வாங்கலாமா? (ஸ்டாங்கர்)

ப: வேண்டாம். பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களைத்தான் அது தின்னும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் "இரை போடுங்கள், தின்கிறதா பார்ப்போம்" என்று சொல்லுங்கள். சில நாடுகளில் சயனைடு தெளித்துப் பிடிக்கிறார்கள். அப்படி வந்த மீன் கடையில் மினுமினுக்கும், பிறகு வீட்டில் சாகும்.

கே: இணையத்தில் வாங்கிய தொட்டி விளக்கின் நீலம் பிடிக்கவில்லை. திருப்பலாமா? (உம்லாஸ் பக்கத்திலிருந்து)

ப: கையில் கிடைத்த 7 நாளுக்குள் என்றால், காரணமே சொல்லாமல் திருப்பலாம். 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் தரும் உரிமை இது. அனுப்பும் செலவு உங்களுடையது.

கே: என் வீட்டுக்காரர் உப்புத் தொட்டி வாங்கப் போகிறார். செலவு எவ்வளவு என்றால் "கொஞ்சம்தான்" என்கிறார். (வெருலம்)

ப: கடை விலையைக் கேட்காதீர்கள் அம்மா, மாதக் கணக்கைக் கேளுங்கள். 200 லிட்டரில் வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் மாதம் 3 கிலோ உப்பு, 80 லிட்டருக்கு மேல் ஆர்.ஓ. தண்ணீர். பம்பும் ஸ்கிம்மரும் விளக்கும் சேர்ந்து சராசரியாக 100 வாட் இழுத்தால் மாதம் 72 யூனிட். இதைத் தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். "கொஞ்சம்தான்" என்று நானும் என் வீட்டில் சொன்னவன். அந்தத் தொட்டியில் இப்போது கொத்தமல்லி வளர்கிறது.