நெருஞ்சியை உடைத்த அலகு

வாசகர் கேள்விகள்: பறவைகள் பக்கம். பதில் சொல்பவர் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்.

கேள்வி: வறட்சி வந்ததால் ஒரு தீவில் குருவிகளின் அலகு பெரிதாகிவிட்டது என்று என் மகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கர்லாக்கட்டை சுற்றினால் புஜம் வளர்கிற மாதிரி, கொட்டையைக் கடித்துக் கடித்து அலகு வளருமா? (சாத்தூர் வாசகர்)

பதில்: வளராது. நான் முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். வருஷம் தவறாமல் இந்தக் கேள்வி வரும். விளக்கிச் சொன்ன பிறகும் பாதிப் பேர் பரீட்சையில் "கடித்துக் கடித்து வளர்ந்தது" என்றுதான் எழுதி வைப்பார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. "அலகு பெரிதாகிவிட்டது" என்று வாத்தியாரே சொன்னால், ஏதோ ஒரு குருவிக்கு மூக்கு நீண்டது என்றுதானே காதில் விழும்? நடந்தது வேறு. சின்ன அலகுக் குருவிகள் பெரும்பாலும் செத்துப்போயின, பெரிய அலகுக் குருவிகளில் சில மிஞ்சின.

இடம் பசிபிக் கடலில், ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுக்கூட்டம். அதில் டாஃப்னே மேஜர் என்று ஒரு குட்டித் தீவு, அரை சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் என்ற தம்பதி 1973-இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். குருவியை வலையில் பிடிப்பது, காலில் வளையம் மாட்டுவது, அலகை அளப்பது, விட்டுவிடுவது. ஏறக்குறைய நாற்பது வருஷம் இதே வேலை! எந்தக் குருவி யாருக்குப் பிறந்தது, யாரோடு ஜோடி சேர்ந்தது என்று கணக்கப்பிள்ளை மாதிரி எழுதி வைத்திருந்தார்கள்.

1977-இல் மழை பொய்த்தது. அந்த மழைக்காலம் முழுக்கப் பெய்தது 24 மில்லிமீட்டர். அங்குள்ள நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற குருவி, சாதாரணமாகச் சின்னஞ்சிறு மெல்லிய விதைகளைப் பொறுக்கித் தின்னும். அவை தீர்ந்துபோயின. மிச்சம் கிடந்ததில் முக்கியமானது நெருஞ்சி. ஆமாம், நெருஞ்சிதான். நம் ஊர் நெருஞ்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம், வேலியோரத்தில் காய்ந்துகிடந்த நெருஞ்சிக் காய் ஒன்றைப் பொறுக்கி வந்து குறடால் உடைத்துப் பார்த்தேன். முற்றிய காய் ஐந்து துண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு துண்டும் கொம்பு வைத்த மரக்கட்டை. விதை அதற்கும் உள்ளே. முதல் துண்டு வழுக்கித் தெறித்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவது என் கட்டைவிரலில் ஏறியது. மூன்றாவதைக் குறடின் நுனியில் வைக்காமல், உள்வாயில் திருகாணிக்குப் பக்கத்தில் கொடுத்து அழுத்தினேன். படக்கென்று உடைந்தது. இத்தனைக்கும் உள்ளே இருந்தது எள்ளளவு விதைதான். மேலிருந்து கீழாக அளந்தால் கனமாக இருக்கிற அலகு, குறடின் அந்த உள்வாய் மாதிரி. மெல்லிய அலகு வெறும் நுனி. பட்டினி நாளில் நுனியை வைத்துக்கொண்டு நெருஞ்சியோடு மல்லுக்கட்ட முடியாது.

அந்த இனத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து அழிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகு, பஞ்சத்துக்கு முன்பிருந்த சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் கூடுதல். அலகின் கனம் தாய் தகப்பனிடமிருந்து இறங்குவது. அதனால் அடுத்த வருஷம் பொரித்த குஞ்சுகளும் கனத்த அலகோடு வந்தன. உங்கள் கர்லாக்கட்டைப் புஜம் மகளுக்கு இறங்காது, கவலைப்படாதீர்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1983-இல், பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோவால் மழை கொட்டித் தீர்த்தது. கொடியும் புல்லும் மண்டி, தீவெங்கும் சின்ன விதைகள் குவிந்தன. அதற்குப் பிறகு வந்த வறட்சியில் சின்ன அலகுகளின் கை ஓங்கியது. அப்போது பெரிய அலகு வெறும் சுமை.

கேள்வி: அலகு மாறினால் மட்டும் தனி இனமாகிவிடுமா? பக்கத்து இனத்தோடு சேர்ந்தால் எல்லாம் மறுபடி கலந்துவிடாதா, சார்? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: கலந்துவிடும் அம்மா, தடுக்க ஒன்று இல்லாவிட்டால். அந்தக் குருவிகளுக்குப் பெரிய தடை அலகு அல்ல, பாட்டு.

ஆண் குஞ்சு தன் அப்பன் பாடுவதைக் கேட்டு ஒரே ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ளும். சாகிறவரை அதுதான் அதன் பாட்டு. பெண் பாடாது. ஆனால் அப்பன் பாட்டு அதன் மனதில் பதிந்திருக்கும், அதைப் பாடுகிற கூட்டத்தில்தான் மாப்பிள்ளை தேடும். பாட்டு ரத்தத்தில் வருவதில்லை, வளர்ப்பில் வருவது. எப்போதாவது ஒரு குஞ்சு பக்கத்துக் கூட்டில் பாடும் வேற்றினத்தின் பாட்டைக் கற்றுத்தொலைக்கும். அதற்கு அந்த இனத்துப் பெண்தான் வாய்க்கும். கலப்பு நடப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

1981-இல் டாஃப்னேவுக்கு ஓர் அந்நிய ஆண் பறந்து வந்தது. உடம்பு பெரிது, அலகு பெரிது, பாட்டும் அந்தத் தீவில் கேட்டறியாத பாட்டு. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் எஸ்பனோலா தீவிலிருந்து வந்தது என்று மரபணுவைப் பார்த்துச் சொன்ன ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வந்த ஆண் உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்தது. மகன்கள் அப்பன் பாட்டைப் பாடின. இரண்டு மூன்று தலைமுறைக்குள் வெளிச்சம்பந்தம் நின்றுபோய், தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்றாகிவிட்டது. இடையில் ஒரு வறட்சியில் அண்ணனும் தங்கையுமாக இரண்டே மிஞ்சி, அவையே ஜோடி சேர்ந்து வம்சத்தை மீட்டன. கிரான்ட் தம்பதி 2012-இல் பார்த்தபோதும் அந்த வம்சம் இருந்தது. இதைத் தனி இனம் என்று சொல்லலாமா என்றால், நான் சொல்வேன். ஒரே தீவு, ஒரே நெருஞ்சி, ஆனால் சம்பந்தம் கிடையாது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

கேள்வி: குயில் முட்டையை அடைகாக்கிற காக்காவுக்கு அறிவே கிடையாதா? (தேனி வாசகர்)

பதில்: காக்காவைப் பற்றி அப்படிச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டவர்களைக் கேட்டால் அதன் அறிவு தெரியும். குயிலைக் கண்டால் அது துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் குயில் கூட்டருகே வந்து சீண்டி, காக்கா துரத்திக்கொண்டு போகிற நேரத்தில் பெண் குயில் முட்டையிட்டுவிடும். முட்டையின் நிறமும் புள்ளியும் காக்கா முட்டையை ஒத்தது, அளவு மட்டும் கொஞ்சம் சிறிது. சந்தேகப்பட்டு வெளியே தள்ளினால், தள்ளியது சொந்த முட்டையாகவும் இருக்கலாம். அந்த நஷ்டத்துக்குப் பயந்து ஏமாறுவது தேவலை. குயில் குஞ்சு முந்திப் பொரித்து, முந்தி வாய் பிளக்கும். ஏமாற்றுவதில் குயில் தேறினால் கண்டுபிடிப்பதில் காக்கா தேறும், காக்கா தேறினால் குயில் இன்னும் தேறும், இப்படியே இழுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று: கூவுவது ஆண் குயில். சினிமாப் பாட்டுக்காரர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: மயிலின் வாலுக்கு என்னதான் பயன்? (மன்னார்குடி வாசகி)

பதில்: தோகை வால் அல்ல. நிஜ வால் அதற்குப் பின்னால் மறைந்து, தோகையைத் தாங்கி நிற்கும் பழுப்பு இறகுகள். தோகையின் பயன், பெண்மயிலுக்குப் பிடிப்பது. டார்வினுக்கே இது தலைவலி. மயிலிறகைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று 1860-இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். கோவைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களும் அதையே சொல்வார்கள், காரணம்தான் வேறு.

கேள்வி: இதெல்லாம் ஆள் நடமாட்டமில்லாத தீவில். நம் கண்முன்னே, ரோட்டில் நடக்குமா? (திருச்சி வாசகர்)

பதில்: ரோட்டிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில், பாலத்தடியில் சேற்றுக்கூடு கட்டும் ஒருவகைத் தகைவிலான் உண்டு. அதை 1982 முதல் முப்பது வருஷம் தொடர்ந்து ஆராய்ந்த ஒரு தம்பதி, காரில் அடிபட்டுச் செத்தவற்றையும் எடுத்து அளந்தார்கள். கூட்டம் பெருகிக்கொண்டே போனது, அடிபடுவது மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. செத்தவற்றின் சிறகு நீளம், உயிரோடிருப்பவற்றின் சிறகு குட்டை. ரோட்டில் உட்கார்ந்திருக்கும்போது வண்டி வந்தால் குட்டைச் சிறகு சட்டென்று செங்குத்தாக எழும்ப உதவும்.

எங்கள் ஊர்ப் பக்கம் நாலுவழிச்சாலை வந்த பிறகு நானும் அடிபட்ட செம்போத்துகளை நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். தாழப் பறந்து, ஆற அமர ரோட்டைக் கடக்கிற பறவை அது. பதினோரு செம்போத்துக்குச் சிறகு அளவு எழுதியிருக்கிறேன், தேதியோடு. அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழைய வெர்னியர் காலிப்பரும் இருக்கிறது. சாத்தூர்க்காரர் மகளுக்கு விருப்பமிருந்தால் இரண்டையும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.