‘ஓவர்ரேட்டட்’ என்றேன், மாமா குரூப்பை விட்டே போய்விட்டார்

அன்புள்ள ஆலோசகருக்கு,

கேட்டால் சிரிப்பீர்கள், பாட்டுச் சண்டைதான். ஆனால் நான்கு மாதமாக என் மாமனார் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

நான் 1987-இல் பிறந்தவன், ரகுமான் ரசிகன். கீபோர்டு வாசிப்பேன், வீட்டிலேயே சின்னதாக மிக்சிங்கும் செய்வேன். மாமா 1961-இல் பிறந்தவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இளையராஜா என்றால் உயிர். கல்யாணமான புதிதிலிருந்தே எங்களுக்குள் இந்தக் கேலி உண்டு. “உங்க ஆளுது கம்ப்யூட்டர் பாட்டு மாப்ளே” என்பார். “உங்க ஆளு பாட்டுல பாதி ஒரே தபேலா நடைதானே மாமா” என்பேன். அத்தை காபியோடு வந்தால் பேச்சு மாறிவிடும்.

தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தோம். லண்டனில் ராஜா நடத்திய சிம்பொனியைப் பற்றி மாமா பெருமையாகப் பேசினார். “இதுக்கு மேல யாரும் பேசவே கூடாது” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “ஆயிரம் படத்துக்கு மேல பண்ணியிருக்கார், பத்துக்கு ஒண்ணு தேறும். மீதியெல்லாம் பழக்கதோஷத்துல கொண்டாடுறது. ரொம்ப ஓவர்ரேட்டட் மாமா” என்றேன். மச்சானும் சகலையும் சிரித்துவிட்டார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. இரவு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக ஒன்று எழுதினார். நானும் விடவில்லை. ஆஸ்கர், யூடியூப் எண்ணிக்கை, இரண்டு காலத்துப் பாட்டுகளின் ஒலித்தர ஒப்பீடு என்று பதினோரு பதில் போட்டேன். எல்லாமே உண்மைத் தகவல்தான். விடிந்து பார்த்தால் மாமா குரூப்பில் இல்லை.

மச்சான் மகளுக்குப் பதினாறு வயது. “ரெண்டு பேருமே பழசு தாத்தா, அனிருத்தான் கெத்து” என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அவளிடம் கோபமே கிடையாது.

இதற்கு முன் எங்களுக்குள் வேறு மனத்தாங்கல் இருந்ததில்லை. போன ஆண்டு அவர்கள் வீடு மாறியபோது ஒரு பழைய டேப் ரெக்கார்டரும் எண்பது கேசட் வரை இருந்த இரண்டு அட்டைப்பெட்டிகளும் வந்தன. “பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடலாம் மாமா, எல்லாம் போன்லயே இருக்கு” என்றேன். ஒன்றும் பேசாமல் பரண்மேல் ஏற்றிவிட்டார். அவ்வளவுதான்.

ரசனையைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாதா? நான் சொன்னதில் என்ன தப்பு? அவரை எப்படித் திரும்ப அழைப்பது?

— பெயர் வேண்டாம், திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

கருத்துச் சொல்லலாம். ஆனால் அன்று நீங்கள் சொன்னது ராஜாவைப் பற்றிய கருத்தே இல்லை.

“எனக்குப் பிடிக்கவில்லை” என்றால் அது உங்களைப் பற்றிய செய்தி. “இந்தப் பாட்டில் இரண்டாவது இடையிசை இழுக்கிறது” என்றால் பாட்டைப் பற்றியது. “ஓவர்ரேட்டட்” என்ற சொல் குறிவைப்பது கேட்கிறவர்களை. இத்தனை பேர் விவரம் தெரியாமல் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள் என்பதுதான் அதன் பொருள். அதோடு ‘பழக்கதோஷம்’ என்ற சொல்லையும் சேர்த்தீர்கள். ஐம்பது ஆண்டாகக் கேட்ட மனிதரிடம், மகள் மருமகன் எல்லாரும் இருக்கும்போது, உங்களுக்குக் காது இல்லை என்று சொன்னதாகத்தான் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

அவர் ஏன் அங்கேயே திருப்பிக் கேட்கவில்லை? சொந்த மகனாக இருந்தால் “போடா, பெருசா பேச வந்துட்டான்” என்று முடித்திருப்பார். மாப்பிள்ளையிடம் அப்படிப் பேச முடியாது. நம் குடும்பங்களில் மாமனாருக்கு அந்த உரிமை கிடையாது, மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்தே தீர வேண்டும். அவர் கையில் மிச்சமிருந்தது எழுந்து போவது ஒன்றுதான். பேத்தி சொன்னது வலிக்காததற்கும் இதுவே காரணம். அவளை அவர் செல்லமாகத் திட்டலாம், அவள் பேச்சைக் கேட்டு மச்சானும் சகலையும் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். ‘பத்துக்கு ஒன்று தேறும்’ என்பது சராசரிக் கணக்கு. மாமா வைத்திருப்பது உச்சக் கணக்கு: அவர் மனதில் நிற்பது தலைசிறந்த நூறு, இருநூறு பாட்டுகள், மற்றவை அவருக்குக் கணக்கிலேயே இல்லை. ஆயிரம் படம் செய்தவரைச் சராசரியால் அளந்தால் யாராக இருந்தாலும் இறங்கித்தான் போவார். நீங்கள் ரகுமானை அளக்கும்போதும் உச்சத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். ஒருவர் மீட்டர் கோலும் இன்னொருவர் தராசும் வைத்துக்கொண்டு பேசினால் விடியும்வரை பேசலாம்.

‘புகழ் தகுதிக்கு மேல் போய்விட்டது’ என்ற உங்கள் எண்ணத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2006-இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், யாருக்கும் அதிகம் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். சிலருக்கு, மற்றவர்கள் எதை எத்தனை முறை தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை தெரியும், சிலருக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரிந்தவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்திருந்தார்கள். அங்கே புகழ் பெற்ற பாட்டு இன்னும் ஏறியது, மற்றவை அமுங்கின. ஒரு உலகத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் எங்கோ கிடந்தது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பதும் மிக மோசமானது ஜெயிப்பதும் அரிதாக இருந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. ஆக, எந்தப் புகழிலும் கூட்டத்தின் பங்கு இருக்கிறது. உங்கள் யூடியூப் எண்ணிக்கையிலும் அதே பங்கு இருப்பதால் அந்த ஆயுதம் உங்களுக்கும் உதவாது.

வயதைப் பாருங்கள். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல், மாமாவுக்கு அப்போது பதினைந்து. ‘அலைபாயுதே’ வந்த 2000-இல் உங்களுக்குப் பதின்மூன்று. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் சுமார் பத்து முதல் முப்பது வயது வரையிலான காலத்திலிருந்துதான் அதிகம் எடுத்துச் சொல்வார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அந்த வயதுப் பாட்டு வெறும் பாட்டாக இருப்பதில்லை. முதல் சைக்கிள், டீக்கடை ரேடியோ, திருவிழாக் குழாய் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரகுமான் ரசிகர்கள் ‘ஸ்லோ பாய்சன்’ என்பீர்களே, கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்று? ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே விருப்பம் கூடும் என்று ராபர்ட் சயான்ஸ் 1968-இலேயே எழுதினார். மாமாவிடம் அதைப் ‘பழக்கதோஷம்’ என்றீர்கள், உங்களிடம் அது ‘ஸ்லோ பாய்சன்’ ஆகிவிட்டது.

அந்தப் பதினோரு பதில்கள்தான் பெரிய பிழை. மரண தண்டனையை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் இரு பக்கமும் பேசும் ஒரே ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தபோது, இரு தரப்பும் தங்கள் பழைய கருத்தில் இன்னும் இறுகினார்கள். 1979-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டியது இது. தகவல் கூடினால் மனம் இளகும் என்று நினைத்து நீங்கள் ஆணி மேல் ஆணி அடித்திருக்கிறீர்கள்.

ஒலித்தர ஒப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், மிக்சிங் தெரிந்தவர் என்பதால். யூடியூபில் இருக்கும் எண்பதுகளின் பாட்டுகளில் பல, தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றப்பட்டவை. டேப் வேகம் மாறினால் சுருதியும் மாறியிருக்கும். புதிய பாட்டுகள் கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பில் (மாஸ்டரிங்) கூடுதல் சத்தத்தோடு அமைக்கப்படுகின்றன. ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று உணராமல் ‘தரம் அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளும். தவிர, எழுபதுகளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று பதிவு செய்த பாட்டையும், சொந்த ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகச் சேர்த்துக் கட்டிய பாட்டையும் தெளிவில் ஒப்பிட்டால் இரண்டு வேலைமுறைகளைத்தான் ஒப்பிடுகிறோம். மாமாவின் ‘கம்ப்யூட்டர் பாட்டு’ வாதமும் இதே அளவுக்கு ஓட்டை. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே ராஜா, சுரங்களைப் பதிந்துவைத்தால் தானாகவே வாசிக்கும் சீக்வென்சர் கருவியைப் பயன்படுத்தினார். ரகுமான் இளவயதில் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அதே 1986-இல் எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து ‘மெல்லத் திறந்தது கதவு’க்கு இசையமைத்தார்கள். வேலியெல்லாம் ரசிகர்கள் போட்டதுதான். இதையும் கொண்டுபோய் மாமாவிடம் பன்னிரண்டாவது பதிலாகப் போட்டுவிடாதீர்கள்.

சரி, என்ன செய்வது?

பண்டிகை, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாள் காலையில் தனியாகப் போங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். அவரை நடுவராக்கினால் யார் பக்கம் பேசினாலும் அவருக்கு இழப்பு. இரண்டு வாக்கியம் போதும்: “மாமா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்க ரசனைய மட்டம் தட்டிப் பேசிட்டேன். தப்பு என்மேல.” அதோடு வாயை மூடுங்கள். வழக்கமாகக் கெடுவது மூன்றாவது வாக்கியத்தில்தான். “ஆனா நான் சொல்ல வந்தது என்னன்னா” என்று ஆரம்பித்தால் மன்னிப்பு விவாதமாகிவிடும். “உங்களுக்குக் கஷ்டமா இருந்திருந்தா” என்றால், கஷ்டப்பட்டது அவர் குற்றம் என்றாகும். அவர் “அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ளே” என்று தட்டிவிடலாம். ஒன்றுமில்லையென்று நம்பிவிடாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். பிறகு குரூப்பில், “தீபாவளி அன்னைக்கு மாமாகிட்ட நான் பேசின விதம் சரியில்ல” என்று ஒரே வரி. அவமானம் எல்லார் முன்னும் நடந்தது, அதனால் அந்த வரியும் எல்லார் முன்னும் இருக்கட்டும். அவரைத் திரும்பக் குரூப்பில் சேர்ப்பதை அவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாமா உங்களிடம் மட்டும் விலகியிருக்கிறாரா, எல்லாரிடமுமா? தூக்கம், சாப்பாடு குறைந்து, பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் இது பாட்டுச் சண்டை இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அவர் வழக்கம்போல இருந்தால், சில வாரம் கழித்துச் சேர்ந்து கேளுங்கள். ஆளுக்கு மூன்று பாட்டு, மொத்தம் ஆறு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ஒரே ஸ்பீக்கர், பேஸ் கூட்டாமல், எல்லாப் பாட்டும் காதுக்கு ஒரே சத்தத்தில். பாட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் ‘நல்லாயிருக்கு, இல்லை’ என்று சொல்வதற்கு முன், கேட்டது ஒன்றைச் சொல்ல வேண்டும்: “சரணத்துல பேஸ் கிட்டார் தனியா ஒரு மெட்டு போடுது பாருங்க” என்பதுபோல. நீங்கள் அவர் பாட்டுக்குச் சொல்லுங்கள், அவர் உங்கள் பாட்டுக்குச் சொல்லட்டும். மதிப்பெண் கிடையாது, விருதுக் கணக்கு கிடையாது, இசையமைப்பாளரின் மேடைப்பேச்சும் சொந்த வாழ்க்கையும் கிடையாது. பேச்சு சாதி, மதம், கட்சி என்று திரும்பினால் (இந்தச் சண்டையில் அது எளிதில் நடக்கும்) அன்றைக்கு அதோடு எழுந்துவிடுங்கள்.

கடைசியாக, ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் கடந்துபோன அந்தக் கேசட் விஷயம். எனக்கு உங்கள் கடிதத்திலேயே கனமான இடம் அதுதான். அந்தக் காலத்தில் பாட்டுகளைச் சீட்டில் எழுதி, ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட்டோடு கொடுத்து, சில நாள் காத்திருந்து வாங்குவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுதான் அடங்கும். ஒன்றைச் சேர்க்க ஒன்றை விட வேண்டும். எண்பது கேசட் என்றால் அவர் வாலிபத்தில் ஆயிரம் முறை தேர்ந்தெடுத்த பட்டியல். அதைத்தான் இரும்புக்கடைக்குப் போடலாம் என்றீர்கள். தீபாவளிக் காயம் அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

பரணிலிருந்து இறக்கிக் கொடுக்கட்டுமா என்று கேளுங்கள். சம்மதித்தால் முதலில் டேப் ரெக்கார்டரைப் பழுதுபார்க்கக் கொடுங்கள். இத்தனை ஆண்டில் ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும், மாற்ற வேண்டும். டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் அதை இழுக்கும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். முதலில் போனால் போகிறது என்ற ஒரு கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். மெஷின் டேப்பைக் கடித்தால் மாமாவின் பொக்கிஷம் போகாது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியே வைத்துவிடுங்கள், ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி மற்றதையும் கெடுக்கும். மற்ற கேசட்டுகளைப் பாட வைக்கும் முன் கடைசிவரை ஒருமுறை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் உடனே கேசட்டைக் குறை சொல்லாதீர்கள், ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் தெளியும்.

பிறகு லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு இணைத்துப் பதிவு செய்யுங்கள், அது உங்களுக்குத் தெரிந்த வேலை. எந்தக் கேசட் முதலில், எந்தப் பக்கம் என்பதை மாமா சொல்லட்டும். அறுபது நிமிடக் கேசட்டைப் பதிவு செய்ய அறுபது நிமிடம் ஆகும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு என்று வைத்தாலும் நாற்பது ஞாயிறு.